ஜம்புலிங்கத்தின் கட்டைவிரல்

அந்தமானில் எங்கள் ரங்கத் பஜாருக்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமை நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால், கப்பல் டிக்கெட் கொடுக்கிறார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. தோஷம் விரட்டுகிறார்கள். விரட்டுபவர் திருவாளர் ஜம்புலிங்கம். ஆயுதம், மெயின்லேண்டிலிருந்து, அதாவது கடல் தாண்டி இந்தியப் பெருநிலத்திலிருந்து, கப்பலில் வந்த மூலிகைத் தைலம். மெயின்லேண்ட் என்றதுமே நம்மவர்களுக்கு வேறு சாட்சி வேண்டாம். தக்காளியே அங்கிருந்து வந்தால்தான் தக்காளி. தைலத்தைக் கேட்கவா வேண்டும்? சிலுவை போட்டுக்கொண்டு பாதிப்பேர், திருநீறு பூசிக்கொண்டு பாதிப்பேர். ஏமாறுவதில் எப்பேர்ப்பட்ட மத நல்லிணக்கம்!

வித்தை இதுதான். தட்டில் தண்ணீர் ஊற்றி, மேலே மந்திரத் தூளைத் தூவுவார். அதில் முகப்பவுடர் வாசனை அடித்தால் உங்கள் மூக்கில் கோளாறு. பிறகு ஒரு சொட்டுத் தைலம். தூள் அலறியடித்து ஓரத்துக்கு ஓடும். ஆகா, தோஷம் ஓடிவிட்டது! தலைவலிக்காரருக்கும் மாட்டைத் தொலைத்தவருக்கும் முதல் வாரமே ஓடிவிடும். எப்படியும் தலைவலி தீரும், மாடும் வீடு திரும்பும்.

படகுக்காரர் மத்தியாசுக்கு மட்டும் தூள் அசையவில்லை. அவருக்குச் சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். பிடிவாதமான தோஷமாம், இன்சுலின் ஊசி போட்டால் உள்ளேயே தங்கிவிடுமாம், தூள் ஓடும்வரை ஆஸ்பத்திரிப் பக்கமே போகக்கூடாதாம். வாராவாரம் வருகிற வாடிக்கையை யார் விடுவார்? மனைவி செல்வம்மாள் கெஞ்சி அலுத்து, பள்ளிக்கூடத்து அறிவியல் ஆசிரியை உமா மகேஸ்வரியிடம் போனாள்.

"டீச்சர், அவுக ஊசி போட்டு பதினோரு நாளாச்சு. காலு கறுத்துட்டே வருது."

அந்த ஞாயிறு டீச்சரும் கூட்டத்தில் நின்று பார்த்தார். மத்தியாசின் முறை வந்தது. தூள் அசையவில்லை. உடனே டீச்சர் தாம் கொண்டுவந்த அகலத் தட்டை எடுத்து வைத்தார். அதைப் பலமுறை கழுவி, தண்ணீர் ஊற்றி, முகப்பவுடர் தூவினார். பஜாரில் வாங்கிய தேங்காய் எண்ணெயில் ஊசிமுனையளவு, அரை மில்லிமீட்டர் சொட்டு, எடுத்துத் தொட்டார். தூள் விலகி, இருபது சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம் பளிச்சென்று திறந்தது. மந்திரமும் இல்லை, மெயின்லேண்டும் இல்லை.

சொட்டின் கன அளவை வட்டத்தின் பரப்பால் வகுத்துக் காட்டினார். படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரே ஒரு எண்ணெய் மூலக்கூறின் உயரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதற்குமேல் எண்ணெயால் மெலிய முடியாது. தட்டு முழுவதும் முன்பே எண்ணெய் பரவியிருந்தால் புதுச் சொட்டுக்கு இடமில்லை, தூளும் நகராது என்றார்.

ஜம்புலிங்கம் சிரித்தார். "அரே மேடம், கணக்கெல்லாம் ஸ்கூல்ல வச்சுக்கோங்க."

"சரி. மத்தியாஸ் அண்ணனோட தட்டுல தூள் தூவறதுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரலை முக்கினீங்களே, அதை இந்தப் புதுத் தண்ணியில வைங்க."

டீச்சர் தட்டைக் கழுவி மறுபடி தண்ணீரும் தூளும் போட்டிருந்தார். ஜம்புலிங்கத்தின் கை முதுகுக்குப் பின்னால் போனது. மத்தியாஸ் நொண்டிக்கொண்டே வந்து, வலை இழுத்த கையால் அதைப் பிடித்துத் தண்ணீரில் அழுத்தினார். தூள் தலைதெறிக்க ஓடியது.

"அப்ப எந்தோசம் ஒம்ம வெரல்லயா இருந்துச்சு வே?"

மத்தியாஸ் அன்றே போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார். கால் தப்பியது. இரண்டு விரல்கள் போயின. ஜம்புலிங்கத்தின் கட்டைவிரலுக்கு ஒரு சேதமும் இல்லை. இப்போது ஹேவ்லாக் தீவில் ஏதோ ஒரு தட்டில் நனைகிறதாம். இங்கே நம் அறிவாளிகள் இரண்டு பேர், அந்தத் தேங்காய் எண்ணெயால் தங்கள் தோஷத்தையும் விரட்டித் தரும்படி டீச்சர் வீட்டு வாசலில் நிற்கிறார்கள்.

ஐயா, அம்மா, அடுத்த மகான் வந்தால் கும்பிடுவதற்கு முன் அவர் தட்டைக் கழுவச் சொல்லுங்கள். ஒரு மூலக்கூறு தடிமன் பொய்க்கு ஒரு மனிதனின் இரண்டு விரல்களைக் கொடுத்தாயிற்று. போதாதா?