அக்காவுக்காக நான் தூங்கியது

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம், பாப்பா நலம். அங்கு நீங்களும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். கேட்டு, பதில் வந்து, பிறகு விஷயத்துக்கு வர எனக்குப் பொறுமை இல்லை. அக்கா நலமா என்பதுதான் இந்தக் கடிதம். போனில் அனுப்பினால் அவள் எடுத்துப் பார்ப்பாள், அதனால் தாளில் எழுதுகிறேன். பாலம் கட்டி முடித்து நீங்கள் வீடு திரும்ப இன்னும் மூன்று மாதம். அதற்குள் இது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

அக்காவின் மருத்துவமனையில் பெண் மருத்துவர்கள் களைத்துப் போகிறார்கள் என்று ஓர் அறிக்கை வந்தது. ஆள் பற்றாக்குறைதான் காரணம் என்று மூன்றாம் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது, நான் படித்தேன். நிர்வாகக் குழு இரண்டாம் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டது போலிருக்கிறது. ஆள் எடுக்கவில்லை, பட்டை வாங்கினார்கள். கடிகாரம் மாதிரி மணிக்கட்டில் கட்டுவது. நாடித்துடிப்பையும் அசைவையும் பார்த்து எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று மருத்துவமனைக்குச் சொல்லிவிடும். நாற்பத்து மூன்று பெண் மருத்துவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று. வீட்டுக்கு வந்ததும் கட்ட வேண்டும். சராசரி ஆறு மணி நேரத்துக்குக் கீழே போனால் ஞாயிறு காலை எட்டிலிருந்து ஒன்று வரை நலவாழ்வு வகுப்பு. அதாவது வாரம் முழுக்கத் தூங்க விடாதவர்கள், தூங்காத குற்றத்துக்காக மிச்சமிருக்கும் ஒரு நாளையும் பிடுங்கிக்கொண்டு, தூங்குவது எப்படி என்று சொல்லித் தருவார்கள். அக்காவுக்கு இருப்பதே அந்த ஒரு நாள். அன்றுதான் உட்கார்ந்து சாப்பிடுவாள், பாப்பாவுக்குத் தலை குளிப்பாட்டுவாள், மத்தியானம் கையில் சீப்போடு அப்படியே சாய்ந்துவிடுவாள். மற்ற நாளெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகும் வார்டு அவளை போனில் துரத்துகிறது. முதல் வாரம் அவள் சராசரி நாலே கால் மணி நேரம்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். யோசனை என்னுடையது. நான் சோதனைப் பொறியாளன். ஒரு கருவி எங்கே ஏமாறும் என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. முதலில் பட்டையைப் பாப்பாவுக்குக் கட்டினேன். நாலாம் நாள் மருத்துவமனையிலிருந்து அக்காவுக்கு போன். "டாக்டர், எட்டு மணிக்கே படுத்துடறீங்க, நல்லது. ஆனா நாடி தொண்ணூத்தஞ்சு அடிக்குது, இருநூறு தடவ உதைக்கிறீங்க. வீட்டுல எதாவது பிரச்சனையா?" இதய நிபுணரிடம் நேரமும் வாங்கிவிட்டார்கள். அக்கா அரை நாள் விடுப்பெடுத்து இதயத்தைக் காட்டிவிட்டு வந்து, "இதயம் நல்லாத்தான் இருக்கு, தம்பிதான் சரியில்ல" என்றாள். அடுத்த வாரம் நானே கட்டிக்கொண்டேன். என் தூக்கம் உங்களுக்குத் தெரியும், மேல் வீட்டில் சுவர் இடித்தபோதும் புரண்டு படுத்தவன் நான். ஒன்பது மணி நேரம், ஆழ்ந்த உறக்கம், சீரான நாடி. நாற்பத்து மூன்று பேரில் அக்கா முதலிடம்.

அங்கேதான் வந்தது வினை. லிஃப்டுக்குப் பக்கத்தில் அவள் படத்தை மாட்டி 'வேலையும் வாழ்வும்: சமநிலைக்கு ஒரு முன்மாதிரி' என்று எழுதினார்கள். படத்திலும் அவளுக்குக் கண் பாதி மூடியிருக்கிறது. பணிப்பட்டியல் போடுகிறவர், "நீங்கதான் நல்லாத் தூங்கறீங்களே டாக்டர்" என்று இன்னொரு வார்டையும் அவள் தலையில் கட்டினார். கூடவே ஞாயிறு வகுப்பை இனி அவளே எடுக்க வேண்டுமாம். தூங்காவிட்டால் வகுப்பில் உட்கார வேண்டும், தூங்கினால் வகுப்பு எடுக்க வேண்டும்; எப்படியும் ஞாயிறு போச்சு. முதல் வகுப்பில் எல்லோரையும் கண்ணை மூடி மூச்சை மெதுவாக விடச் சொல்லியிருக்கிறாள், தானும் கண்ணை மூடியிருக்கிறாள். ஒரு மணிக்குக் காவலாளி வந்து தட்டி எழுப்பும்வரை மேடையிலும் கீழேயும் ஒருவர் விழிக்கவில்லை. இதுவரை நடந்ததிலேயே சிறந்த வகுப்பு என்று எல்லோரும் எழுதிக் கொடுத்ததில், மூன்று மாதத்து ஞாயிறுகளையும் அவளுக்கே கொடுத்துவிட்டார்கள். இன்று காலை பாப்பா வாசலில் நின்று, "அம்மா இன்னைக்கும் தூங்கச் சொல்லித் தரப் போறாங்களா மாமா?" என்றாள்.

அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"டேய், பேசாம இரு. என் பேர் கெடும்."

"கெடட்டும்கா. ஞாயித்துக்கிழம திரும்பி வரும்ல?"

"உனக்கென்ன, சொல்லிட்டு வந்து தூங்கிடுவ." சொல்லிவிட்டு அவளே தொடர்ந்தாள்: "முன்னெல்லாம் மருந்தளவ ஒரு தடவ பாத்தாப் போதும். இப்ப மூணு தடவ பாக்கறேன். பாத்தேனாங்கறதே மறந்துட்டா என்னடா பண்றது?"

அத்தான், அத்தோடு முடிவு செய்துவிட்டேன். நாளை காலை பத்து மணிக்குத் தலைமை மருத்துவர் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். மூன்றாம் பக்கத்தில் அடிக்கோடு போட்டாயிற்று. அந்த வார்டு போக வேண்டும், ஞாயிறு திரும்ப வேண்டும், ஆள் எடுக்க வேண்டும். இந்தப் பித்தலாட்டத்தில் இனி என் மணிக்கட்டுக்குப் பங்கில்லை. பொறுமையாக இரு என்று நீங்கள் எழுதுவீர்கள். எழுதாதீர்கள்.

உங்கள் முதுகுவலிக்கும் பாலத்துக்கும் என் அன்பான விசாரிப்புகள். இரண்டும் சீக்கிரம் நேராகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: திங்கள் மாலை எழுதுவது. போய்ப் பார்த்தேன். அந்த அம்மா மேஜைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். பட்டையை நான் கட்டிக்கொண்டதை ஒப்புக்கொண்டு, மூன்றாம் பக்கத்தை நீட்டினேன். "இத எழுதினதே நான்தான்ப்பா. அவங்க படிக்கல" என்றார். இரண்டு பேரை எடுக்க இப்போதுதான் அனுமதி வந்ததாம். கூடுதல் வார்டை இன்றே மாற்றினார், அக்கா பெயரை வகுப்பிலிருந்து அடித்தார். பட்டையை நிறுத்தத்தான் நிர்வாகக் குழு கூட வேண்டும், அதற்கு மூன்று மாதமாம். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஒம்பது மணி நேரமா தூங்கற?" என்றபடி தன் கைப்பையிலிருந்த பட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "எனக்கு மூணே முக்கால் காட்டுது. நானே போய் அந்த வகுப்புல உக்காந்தா நல்லாவா இருக்கும்?" அக்காவின் பட்டையோடு இதையும் நானே கட்டினால் இரண்டும் நிமிடம் பிசகாமல் சேர்ந்து தூங்கும், மாட்டிக்கொள்வோம் என்று விளக்கினேன். "வீட்டுல வேற பெரியவங்க யாரும் இல்லையா?" என்றார்.

எனவே மேலே எழுதியதைக் கிழித்துவிடவும். இத்துடன் வரும் பொட்டலத்தில் இருப்பது தலைமை மருத்துவரின் பட்டை. இடது கையில் கட்டுங்கள். இருப்பிடம் காட்டாது, சோதித்துவிட்டேன். குறட்டை பரவாயில்லை. ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்குங்கள், ஆறரைக்கு மேல் மட்டும் போகாதீர்கள். அந்த அம்மாவைத் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள்.