பாலைவனத்தில் ஒரு மங்கள விளக்கு

உலக வரலாற்றில் பாலைவனத்தை வென்றவர்கள் மூவர்தாம்: ஒட்டகம், பேரீச்சை, கார்ல்ஸ்ரூஹே தமிழர் கலை வரலாற்று மேம்பாட்டுக் கழகம். முதல் இருவருக்கும் சட்டதிட்டம் வகுத்த யாப்பு கிடையாது, நிர்வாகசபை கிடையாது, ஆறு மீற்றர் நீளப் பதாகையும் கிடையாது.

கழகம் சென்ற சித்திரையில் யோர்தானுக்கு 'வரலாற்று ஆய்வுப் பயணம்' போய்வந்தது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒட்டகக் கூட்டங்கள் வந்து இறங்கி, சாம்பிராணியும் மிளகும் கைமாறிய வணிக நகரம் ஒன்றின் இடிபாடுகளைக் காண்பதே நோக்கம். அதன் 'மாபெரும் வெற்றி'யைக் கொண்டாட, ஒரு ஞாயிறு பிற்பகல் கார்ல்ஸ்ரூஹேயில் மண்டபம் நிறைந்திருந்தது. வெற்றியைப் பற்றி ஐயம் கொண்டிருந்தவர் ஒரே ஒருவர்: மூன்றாம் வரிசையில் இருந்த புஸ்பவதி. நன்றியுரை சொல்ல வேண்டியவரும் அவரேதான்.

புஸ்பவதி பலசரக்குக் கடை வைத்திருப்பவர். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக ஐந்து நாள் கடையைப் பூட்டிவிட்டுப் போனார். அந்த நகரத்தில் ஒரு கடைத்தெரு உண்டு, மிளகு விற்ற கடைகளின் வாசற்படிகள்கூட இன்னும் கிடக்கின்றன என்று எங்கோ வாசித்திருந்தார். தன் தொழிலைத் தனக்கு முன்னே செய்தவர்களின் படியில் ஒருதரம் ஏறி நிற்கவேண்டும். வேறொன்றும் அவர் ஆசைப்படவில்லை.

நகர வாசலில் பேருந்து நின்றபோது மணி ஒன்றரை. ஐந்துக்குப் பூட்டுவார்கள்.

மங்கள விளக்கு ஏற்றாமல் கழகம் எதையும் தொடங்கியதில்லை. குத்துவிளக்கு மூன்று துண்டாகப் பெட்டியில் வந்திருந்தது; வாகனத் தரிப்பிடத்தில் அதைப் பொருத்தினார்கள். பாலைவனக் காற்றுக்கு யாப்பு தெரியாது. தலைவர் ஜெயச்சந்திரன் முதல் திரியை ஏற்றினார், காற்று அணைத்தது. உபதலைவர் இரண்டாவதை ஏற்றினார்; அதையும் அணைத்தது. பிறகு, ஐந்தாவது திரி முன்னாள் தலைவருக்கா இந்நாள் பொருளாளருக்கா என்று நாற்பது நிமிடம் 'கலந்துரையாடல்' நடந்தது.

"தம்பி, நான் உள்ளுக்கை போய் ஒருக்காப் பார்த்திட்டு ஓடி வாறனே?" என்று கேட்டார் புஸ்பவதி.

"ஏலாது அக்கா," என்றான் செயலாளர் சுலக்சன். ஜெர்மனியில் பிறந்தவன், நிகழ்ச்சி நிரலை இரண்டு நாட்டு ஒழுக்கத்தோடும் காப்பவன். "உள்ளுக்கை போறது எட்டாவது. நாங்கள் இன்னும் ஒண்டிலதான் நிக்கிறம்."

கடைசியில் பதாகையையே காற்றுக்கு மறைப்பாகப் பிடித்து விளக்கை ஏற்றினார்கள். அடுத்து அகவணக்கம். எல்லாரும் தலை குனிந்து நிற்பதைக் கண்ட வாசற்காவலர் பதறி வந்து, செத்தது யார் என்று ஆங்கிலத்தில் மெல்ல விசாரித்தார். பிறகு வரவேற்புரை, வாழ்த்துரை, தலைவர் உரை, வழிகாட்டிக்கும் சாரதிக்கும் காவலருக்கும் பொன்னாடை. அந்தப் பொன்னாடையைக் கழற்றாமலே காவலர் போய், ஐந்து மணிக்கு நகரத்தைப் பூட்டினார். மறுநாள் விடிய விமானம்.

இப்போது மண்டபத்தில் படங்கள் ஓடின. பதாகையோடு தலைவர், பதாகையோடு உபதலைவர், பதாகையோடு எல்லாரும். புஸ்பவதி ஒவ்வொரு படத்திலும் நகரத்தைத் தேடினார். ஒன்றில் மட்டும் பதாகைக்கு மேலே ஒரு தூணின் நுனி தெரிந்தது. அடுத்த படத்தில் அதையும் பொருளாளரின் தொப்பி மூடிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் "நகரம் எப்பிடி அக்கா?" என்று கேட்கும்போதெல்லாம், "சரியான வெயில்" என்று சொல்லித் தப்பிக்கொண்டிருந்தார்.

"நன்றியுரை, புஸ்பவதி அக்கா!" என்றான் சுலக்சன்.

அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"எங்கட தலைவர் லேசுப்பட்ட ஆள் இல்லை."

கைதட்டல்.

"அந்த நகரத்தில பூமி நடுங்கினது. படை வந்து எரிச்சது. நூற்றுக்கணக்கான வருசமாய் மணல் அடிச்சது. அவ்வளவும் சேர்ந்தும் அதை ஆரும் பாராமல் மறைக்க ஏலாமல் போச்சுது."

மறுபடியும் கைதட்டல். ஜெயச்சந்திரன் கைகூப்பி, பணிவோடு எழுந்து நின்றார்.

"இவர் மூண்டரை மணித்தியாலத்தில மறைச்சுப்போட்டார்."