மந்தாரை நெற்றுகள் மீது ஒரு பிராது

என் அக்காள் பெற்ற ஒரே தவப்புதல்வனும், நாற்றுப் பண்ணை நடத்தி உலகத்தையே காடாக்கிக்கொண்டிருப்பவனுமாகிய மருமகனுக்கு, உன் தாய்மாமன் ஆசீர்வாதத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு எழுதுவது.

நீ அங்கே நலமாகத்தான் இருப்பாய்; அடுத்தவனைச் சிக்கலில் மாட்டிவிட்டவர்கள் எல்லோரும் நலமாகத்தான் இருக்கிறார்கள். நான் நலமில்லை. இனி நான் சொல்லப்போவதை நீ நம்பமாட்டாய், உன் அம்மா நம்பமாட்டாள், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தால் நானே நம்பமாட்டேன். ஆனாலும் இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை என்று என்னிடம் மிச்சமிருக்கும் பதினேழு பற்களின் மேல் சத்தியம் செய்கிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, ஒரு கறுப்புப் பையில் ஒரு சாண் கன்றைக் கொண்டுவந்து, "மாமா, மந்தாரை. பூவுக்குப் பூ, நிழலுக்கு நிழல். உங்களை ஒரு வேலையும் வாங்காது" என்றாயே, நினைவிருக்கிறதா? இருக்காது. கொடுத்த கைக்கு மறதி, வாங்கிய கைக்கு மண்வெட்டி. பூத்தது, ஒப்புக்கொள்கிறேன். பூத்ததோடு நின்று தொலைத்திருக்கக் கூடாதா? பூவுக்கொரு நெற்று. பார்க்கிறவர்கள் சாண் நீளம் என்பார்கள். அடிபட்டவனுக்குத்தான் தெரியும் அது ஒரு முழம் என்று. வெயில் ஏற ஏற அது காய்ந்து முறுக்கிக்கொண்டு படார் என்று வெடிக்கிறது. முதல் நெற்று வெடித்தபோது எதிர்வீட்டு ராணுவக்காரர், அவரும் ஓய்வு பெற்றவர்தான், கையில் செய்தித்தாளோடு தரையில் குப்புறப் படுத்தவர் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டை அவர் மனைவி தவழ்ந்து போய்க் கொடுத்தாள். தபால்காரர் ஹெல்மெட் போடாமல் எங்கள் கேட்டைத் தொடுவதில்லை. காக்கைகள் குடும்பத்தோடு வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டன. ஒரு விதை நேராக வந்து என் தேநீர்க் கோப்பையின் காதை உடைத்துவிட்டு, ஒரு மன்னிப்புகூடக் கேட்காமல் பக்கத்துத் தெருவுக்குப் போனது.

நான் மட்டும் சும்மா இருந்தேனா? வெயில் காலம் முழுக்கக் குனிந்து குனிந்து நெற்றைக் கூட்டி, தோட்டத்து மூலையில் குழி வெட்டி, சருகோடு சருகாகப் போட்டு மூடினேன். பரம விரோதிக்குக்கூட அவ்வளவு கௌரவமான அடக்கம் கிடைக்காது. அப்புறம் பெய்தது பார் மழை. அடுத்த வாரமே மாட்டுக் குளம்பு மாதிரி பிளந்த இலையை விரித்துக்கொண்டு கிளம்பிவிட்டான்கள். ஜன்னல் விளிம்பில், குழாயடியில், மிதியடியில், கழற்றிப்போட்ட என் வலது செருப்பில். அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தும் பார்த்தேன், காலுக்கு நிழலாகத்தான் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒன்றைப் பிடுங்கினால் துக்கம் விசாரிக்க அதன் பங்காளிகள் ஏழு பேர் வருகிறார்கள்.

என் வீட்டோடு போயிருந்தால் தலைவிதி என்று விட்டிருப்பேன். எங்களைத் தவிர இந்தத் தெருவில் இருபத்தொரு வீடு; இருபத்தொன்றிலும் முளைத்துவிட்டது. அதுவும் கண்ட இடத்தில் இல்லை, பூந்தொட்டிக்குள் குறிபார்த்து. தெருக்கோடி அடுக்குமாடியில் மூன்றாம் மாடிப் பல் டாக்டர் அம்மா ஆசையாக வளர்த்த ரோஜாத் தொட்டிகளில் ரோஜாவைக் காணோம். மந்தாரைக் கன்று ஐம்பத்து நாலு. எப்படி மூன்று மாடி ஏறியது என்று என்னைப் பிடித்துக்கொண்டார். காற்று, அணில், பூமியின் சுழற்சி என்று எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் அத்தனையையும் இறக்கினேன். "அணிலா? எங்க மாடிக்கு லிஃப்ட்லதான் சார் வரணும்" என்றார்.

தெரு நலச் சங்கம் கூடியது. மரத்தின் மேல் தப்பில்லை என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் மரத்தை வெட்ட வேண்டும் என்று தீர்மானம். கொண்டுவந்த தலைவி யார் என்று நினைக்கிறாய்? உன் அத்தை. முப்பத்தாறு வருடம் ஒரே கூரையின் கீழ் என்னோடு குடித்தனம் நடத்திய அதே அத்தை. "ஏம்மா, நீயேவா?" என்று எழுந்தேன்.

"வீட்டுலதான் ஏம்மா. இங்க தலைவி. கையத் தூக்கிட்டுப் பேசுங்க."

தூக்கினேன். தோள்பட்டை பிடித்துக்கொண்டது. இறக்க முடியாமல் நின்ற என் கையைத் தீர்மானத்துக்கு ஆதரவாக ஓர் ஓட்டு என்று எண்ணிவிட்டார்கள். ஒரு மனிதனுடைய சொந்த மரத்துக்கு அவன் கையாலேயே தூக்குத் தண்டனை. கூட்டம் முடிந்ததும் தலைவி எங்கள் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினாள். ஒட்டிவிட்டு உள்ளே வந்து, பசை காயாத கையோடு எனக்குத் தைலம் தேய்த்துவிட்டாள்.

ஆகவே மருமகனே, கொடுத்தவன் நீ, வெட்ட வேண்டியவனும் நீ. சனிக்கிழமை ரம்பத்தோடு வந்து சேர். நானே வெட்டியிருப்பேன், தோள்பட்டைதான் ஒத்துழைக்கவில்லை. மற்றபடி அந்த மரத்தின் மேல் எனக்கு எந்தப் பற்றும் கிடையாது. தினமும் காலையில் அதன் அடியில் நான் உட்காருவது, தோட்டத்தில் வேறு எங்கே போட்டாலும் நாற்காலி ஆடுகிறது என்பதால்.

உன் பண்ணை என் வீட்டுத் திசையைத் தவிர மற்ற எல்லாத் திசையிலும் செழிக்கட்டும். உன் அம்மாவுக்கு என் வணக்கம். அவள் பெற்றதைப் பற்றி என் ஆழ்ந்த அனுதாபம்.

இப்படிக்கு,
நெற்றுகளால் நொறுக்கப்பட்ட
உன் மாமன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் அத்தை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். ஓர் இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. "எல்லாம் எழுதியிருக்கீங்க. அந்தக் குழியைத் தோண்டி, மக்கின உரம்னு மூட்டை கட்டி, 'ஒரு நலம்விரும்பி'ன்னு சீட்டு எழுதி வீட்டுக்கு ஒண்ணா வாசல்ல வச்சுட்டு வந்தீங்களே, அதக் காணோமே" என்றாள். ஆண்டுக் கூட்டத்தில் அந்த நலம்விரும்பி நான்தான் என்று நானே அறிவித்துக் கைதட்டல் வாங்கலாம் என்று இருந்தேன், மாப்பிள்ளை, அதற்குள் முளைத்துவிட்டது. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். "கன்னு தலை காட்டின அன்னிக்கே பொண்டாட்டிக்குத் தெரியும். தலைவிக்கு இன்னும் தெரியாது. ஞாயித்துக்கிழமை அவகிட்ட நீங்களே சொல்லுங்க. மரம் நிக்கும்."

சொல்லப்போகிறேன். கையைத் தூக்காமல் சொல்ல அனுமதி வாங்கியிருக்கிறேன். எனவே ரம்பம் வேண்டாம். களைக்கொத்து இரண்டு எடுத்து வா. ராணுவக்காரர் படுக்கவே இல்லை, தும்மினார். கோப்பையை உடைத்தது நான். இருபத்தொரு வீட்டிலும் கன்று முளைத்தது என்ற அந்தச் சிறு பகுதி மட்டும் உண்மை. வீட்டுக்கு ஒரு நாள் என்று நான் தனியாகக் குனிந்தால் மூன்று வாரம். நீயும் வந்தால் பத்து நாள்.