பதினாலாம் நம்பர் மதகு

சினிமாவில் தலைகாட்டப் போகிறவர்களுக்கெல்லாம் தங்கள் முகம் தெரிய வேண்டும் என்ற ஒரே ஆசைதான் இருக்கும். தன் முகத்தைவிட, தனக்குப் பின்னால் இருக்கிற மதகு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதர் இந்தியாவிலேயே ஒருவர்தான். அவர் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் இருந்தார். அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கும் ஒன்று உண்டு. சினிமாக் கம்பெனி வந்துபோன பிறகு அது ரேஷன் கார்டில் மட்டும் தங்கிவிட்டது. ஊருக்கெல்லாம் அவர் 'மதகு'.

நான் அப்போது பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, நீடாமங்கலத்தில் ஒரு மைக் செட் கடையில் வேலை பார்த்தேன். நாலு வருஷம் அந்தக் கடையில் இருந்தும் மைக்கைத் தட்டி 'ஹலோ' என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவ்வளவு கூச்சம். கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும். அதனால் ஊர்க்காரர்கள் மனு, கடிதம் எழுதிக்கொள்ள என்னிடம் வருவார்கள். அவரும் அப்படித்தான் வந்தார். மற்றவர்கள் வருஷத்துக்கு ஒரு தரம் வந்தால் இவர் வாரத்துக்கு ஒரு தரம் வருவார்.

அவருடைய கதை சின்னது. வாய்க்காலில் பதினாலாம் நம்பர் மதகு. அதற்கு நேர் கிழக்கே ஐந்து மா நிலம். ஏக்கர் கணக்கில் ஒன்றே முக்கால்கூட வராது. அதைப் பெரிய பண்ணையிடம் குத்தகைக்கு எடுத்து அவர் அப்பா சாகுபடி செய்தார், பிறகு இவர் செய்தார். எல்லாம் வாய்ப்பேச்சு. குத்தகை நெல்லை அளந்து கொட்டிவிட்டு ரசீது கேட்டால், "ஏண்டா, என் வார்த்தை போதாதா?" என்பார் பண்ணை. போதாது என்று சொல்ல எங்கள் ஊரில் ஆள் கிடையாது.

புதிதாக வந்த ஆட்சி, குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் போட்டது. பெயர் ஏறிவிட்டால் அவனை நிலத்தைவிட்டுக் கிளப்ப முடியாது. ஏறாவிட்டால் அவன் வெறும் கூலியாள், நாளைக்கே போகச் சொல்லலாம். பண்ணை அசரவில்லை. சட்டம் வருவதற்கு ஆறு மாதம் முன்பே அவர் கரைவேட்டிக்கு மாறிவிட்டார். உழுகிறவனுக்கே உரிமை என்று அவர் தலைமையில் ஒரு பெரிய கூட்டம் நடந்தது. மைக் செட் எங்கள் கடையிலிருந்துதான் போனது. அந்த வாரமே தாசில்தாரிடம், 'அந்த ஐந்து மாவும் என் சொந்த சாகுபடி, அவன் என் கூலியாள்' என்று எழுதிக் கொடுத்தார்.

நிலம் தன் கையில்தான் இருக்கிறது என்று நிரூபிக்க இவருக்குச் சாட்சி வேண்டும். ஊரில் எல்லோருடைய வீடும் பண்ணையின் மனையில் நின்றது. பக்கத்து ஊரில் ஒருவர் சாட்சி சொல்லிவிட்டு வந்த வாரம் அவருடைய வைக்கோல் போர் எரிந்தது. போரோடு கட்டியிருந்த பசுவும் எரிந்தது. அதற்குப் பிறகு இவர் தெருவில் வந்தால் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"மனுசன் வேணாம் தம்பி. மனுசன் இல்லாத சாட்சியா நான் புடிக்கிறேன்" என்றார்.

முதலில் கடிதம். தனக்குத் தானே கடிதம் போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தார். நான்தான் எழுதினேன். விலாசம் இப்படி: 'மதகு நம்பர் 14, அதற்குக் கிழக்கே உள்ள வயலில் சாகுபடி செய்பவர்.' உள்ளே என்ன எழுதுவது என்று கேட்டேன். "நலம், நலமறிய ஆவல்னு போடு. பயிரைப் பத்தியும் ஒரு வார்த்தை விசாரிச்சுடு" என்றார். தபால்காரர் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வரப்பில் வழுக்கி வழுக்கிப் போய்ப் பதினோரு கடிதம் கொடுத்தார். பன்னிரண்டாவதை வாய்க்காலில் போட்டுவிட்டார். தாசில்தார் பதினொன்றையும் புரட்டிப் பார்த்து, உங்களுக்குக் கடிதம் வருகிறது என்பதற்குத்தான் இது சாட்சி என்று திருப்பிக் கொடுத்தார்.

அடுத்தது பாம்பு. நடவு வயலில் ஒரு தண்ணீர்ப்பாம்பு அவர் கணுக்காலைக் கடித்தது. விஷமில்லாத ஜாதி. ஆனாலும் மன்னார்குடி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வைத்தியத்துக்கு இல்லை, சீட்டுக்கு. டாக்டர் 'இடது கணுக்கால்' என்று எழுதினார். அது பற்றாது, எந்த வயலில் கடித்தது என்பதையும் மதகு நம்பரோடு எழுத வேண்டும் என்று இவர் பிடிவாதம் பிடித்தார். டாக்டர் ஆளை விட்டு வெளியே அனுப்பினார். "கடிச்ச பாம்புக்கு இருக்கிற நேர்மை படிச்ச டாக்டருக்கு இல்லை" என்று கடைக்கு வந்து புலம்பினார்.

அந்தச் சமயத்தில்தான் சினிமாக் கம்பெனி வந்தது.

நடவுப் பாட்டு ஒன்று எடுக்க அவர்களுக்குப் பச்சை வயல் தேவை. பண்ணை வீட்டில்தான் தங்கினார்கள். பின்னால் நிற்க நாற்பது பேர் வேண்டும் என்று எங்கள் முதலாளியிடம் கேட்டார்கள். கட்சிக் கூட்டத்துக்கு ஆள் சேர்த்துப் பழக்கப்பட்டவர் அவர். பட்டியல் எழுதும் வேலை எனக்கு வந்தது. கம்பெனி மேனேஜர் கோடு போட்ட தாள் ஒன்று கொடுத்தார். பெயர், வயது, ஊர், வேடம், கையெழுத்து.

விடிவதற்கு முன்பே வந்து முதல் ஆளாக நின்றவர் அவர். எந்த இடத்தில் படம் பிடிப்பார்கள் என்று மட்டும் கேட்டார். மதகுப் பக்கம் என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "தம்பி, தெய்வம் கேமராவைத் தூக்கிக்கிட்டு என் வயலுக்கே வந்திருக்கு" என்றார். அவர் பெயருக்கு எதிரே வேடம் என்ற இடத்தில் 'விவசாயி' என்று முத்து முத்தாக எழுதினேன். அவருக்குக் கீழே இருந்தவர்களுக்கெல்லாம் 'மேற்படி' புள்ளிகள்.

மற்றவர்கள் தீபாவளி வேட்டியும் முகத்தில் பவுடருமாக வந்திருந்தார்கள். இவர்களைப் பார்த்தால் விவசாயி மாதிரியே இல்லை என்று உதவி டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். காஸ்ட்யூம்காரர் ஒரு அண்டாவில் டீத்தண்ணீரைக் கொதிக்கவைத்து எல்லோருடைய வேட்டியையும் அதில் முக்கினார். பட்டணத்திலிருந்து வந்த ஒரு பையன், முப்பது வருஷமாக நாற்று முடி சுமக்கிறவர்களுக்கு நாற்று முடி எப்படிச் சுமப்பது என்று சொல்லிக் கொடுத்தான். எல்லோரும் மரியாதையாகக் கற்றுக்கொண்டார்கள்.

இவருக்கு வேலை, கதாநாயகிக்குப் பின்னால் நாற்று முடியோடு வரப்பில் இடமிருந்து வலமாக நடந்துபோவது. நடந்தார். மதகு வந்ததும் நின்றார். முடியைக் கீழே வைத்துவிட்டு, கேமராவைப் பார்த்து, பள்ளிக்கூட போட்டோவுக்கு நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றார். கட் என்றார்கள். மறுபடியும் நடந்தார், மறுபடியும் நின்றார். ஏழு தரம். கதாநாயகியின் காலில் அட்டை ஏறிவிட்டது. கேமராக்காரர் தொப்பியைச் சேற்றில் வீசினார்.

"நிக்காதீங்க பெரியவரே. நடந்துக்கிட்டே இருங்க" என்று உதவி டைரக்டர் கெஞ்சினார்.

"ஓடுற ஆளு மூஞ்சி எப்படிங்க பதியும்? அதுவும் நான் குறுக்க நின்னா நம்பர் மறையுது. கொஞ்சம் ஒதுங்கி நின்னு காட்டுறேன், எடுத்துக்கங்க."

"அந்த மதகைத் தூக்கிப் பின்னாடி போடுங்கய்யா" என்று டைரக்டர் கத்தினார். அன்றிலிருந்து அதுவே பெயரானது. பண்ணை குடைக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உதவி டைரக்டர் என்னிடம் வந்து அந்த ஆளுக்குப் புத்தி சரியில்லையா என்று கேட்டார். எப்படியோ தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் பாதிச் சோற்றில் எழுந்து போய் மதகைப் பார்த்துவிட்டு வந்தார். அவரும் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து போனவர் போலிருக்கிறது. சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் கேமராவை மதகுக்கு நேரே வைக்கச் சொன்னார். "பெரியவரே, தினம் என்ன செய்வீங்களோ அதைச் செய்யுங்க" என்றார்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். மதகுப் பலகையைத் தூக்கினார். தண்ணீர் பாய்ந்து வயலுக்குள் போனது. அது எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணாலேயே கூடப் போய்ப் பார்த்தார். கேமரா என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார். ஒரே டேக். கேமராக்காரர் சேற்றிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

ஏழெட்டு மாதம் கழித்துப் படம் நீடாமங்கலம் டூரிங் கொட்டகைக்கு வந்தது. பாட்டின் நடுவில் அவர் வந்தார். முகம் தெரிந்தது. மதகில் கறுப்பு மையில் எழுதிய பதினாலு தெரிந்தது. மூன்று விநாடி இருக்கும். கொட்டகையில் அவர் எழுந்து நின்று நாலு பக்கமும் திரும்பி, "பாத்துக்கிட்டீங்களா, எல்லாரும் பாத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டார். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். ஒன்பது நாள் ஓடியது, ஒன்பது நாளும் எழுந்து நின்றார்.

விசாரணை நாள் வந்தது. பட்டியல் எழுதியவன் என்று எனக்கும் தாலுகா ஆபீசிலிருந்து கடிதம் வந்திருந்தது. எதற்கென்று புரியாமலே போனேன். இவர் எழுந்து படத்தின் பெயரையும் பாட்டையும் சொன்னார். தாசில்தார் குடும்பத்தோடு அதைப் பார்த்திருந்தார்.

"அட, தண்ணி தொறந்து விடறது நீங்கதானா?" என்றார்.

இவருடைய முகத்தை அன்றைக்குத்தான் அவ்வளவு பிரகாசமாகப் பார்த்தேன். என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

பண்ணையின் வக்கீல் எதையும் மறுக்கவில்லை. ஆமாம், அது இவர்தான், என் கட்சிக்காரரும் பார்த்து ரசித்தார் என்றார். பிறகு காகிதக் கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கம்பெனிக்காரர்கள் பண்ணை வீட்டில் விட்டுப் போனது. என் கையெழுத்தில் முதல் வரியில் அவர் பெயர், வேடம் விவசாயி, பக்கத்தில் அவருடைய கையொப்பம். மனுதாரர் சினிமாக் கம்பெனிக்காக, நிலச் சொந்தக்காரரின் அனுமதியோடு வந்து, விவசாயி வேடம் போட்டார் என்பதற்கு அவரே எழுதிக் கொடுத்த ஆதாரம் என்றார்.

தாசில்தார் தாளை வாங்கிப் பார்த்தார். "இது உங்க கையெழுத்துதானா?"

"ஆமாங்க."

"அப்ப நடிச்சீங்களா?"

"நடிக்கலைங்க. தண்ணி தொறந்து விட்டேன்."

பிறகு என்னை எழுப்பினார்கள். பட்டியல் நான் எழுதியதுதானா என்று கேட்டார்கள். எத்தனையோ சொல்லியிருக்கலாம். அது கம்பெனி போட்ட கோடு, நாற்பது பேருக்கும் அப்படித்தான் எழுதினேன், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த வயலில் இவரைத்தான் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அறை முழுக்க ஆட்கள். பண்ணை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். 'ஆமாங்க' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மனு தள்ளுபடியானது. அடுத்த வாரம் பண்ணையின் டிராக்டர் அந்த ஐந்து மாவில் இறங்கியது. கதிர் பால் பிடித்திருந்த பயிரோடு சேர்த்து உழுதார்கள். அவர் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து பார்த்தார் என்று சொன்னார்கள். நான் போகவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கடைக்கு வந்தார். நான் ஆம்ப்ளிபயர் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். "தம்பி, அடுத்த ஷூட்டிங் எப்போ வருதுன்னு முதலாளிட்ட கேட்டுச் சொல்லு. வயித்துக்கு வேணும்ல" என்று பெட்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்படித்தான் அவர் முழுநேர சினிமா ஆளானார். டெல்டாவில் எங்கே படம் எடுத்தாலும் எங்கள் லாரியில் அவர் இருப்பார். வலங்கைமானில் பிரேத ஊர்வலத்தில் நடந்தார், கும்பகோணத்தில் கலவரத்தில் கல் எறிந்தார், பண்ணையாரின் காலில் விழும் கூட்டத்தில் நாலு படத்தில் விழுந்தார். கேமரா பக்கம் முகத்தைத் திருப்பவே மாட்டார். இப்படி ஒரு நல்ல துணை நடிகரை நாங்கள் பார்த்ததேயில்லை என்று கம்பெனிக்காரர்கள் பாராட்டினார்கள்.

ஒருநாள் தரங்கம்பாடிக் கடற்கரையில் எங்கள் ஆட்களை மீனவர்களாக்கிப் படம் எடுத்துவிட்டு, வேஷத்தைக்கூடக் கலைக்காமல் லாரியில் திரும்பிக்கொண்டிருந்தோம். பொழுது சாயும் நேரம். அவர் பக்கத்தில் நான். வருஷக்கணக்கில் தொண்டையில் கிடந்ததை அன்று சொல்லிவிட்டேன். "அண்ணே, அன்னிக்கி நான் நாலு வார்த்தை பேசியிருக்கணும்."

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பேசியிருந்தா உனக்கும் ஒரு வேசம் எழுதியிருப்பானுங்க. விடு."

கொஞ்ச தூரம் போனதும் லாரியின் மேல்பலகையை ஓங்கித் தட்டினார். வண்டி நின்றது. யாருடைய வயலோ தெரியாது. வரப்பு உடைந்து தண்ணீரெல்லாம் வடிந்து ஓடிக்கொண்டிருந்தது. குதித்து இறங்கினார். மீனவர் வேஷத்தோடு சேற்றை அள்ளி அள்ளிப் போட்டு உடைப்பை அடைத்தார். காலால் மிதித்து இறுக்கினார். ஓட்டம் நின்றதும் குனிந்து ஒரு தரம் பார்த்துக்கொண்டு மேலே ஏறினார்.

துணி பாழாய்ப் போச்சு என்று காஸ்ட்யூம்காரர் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தார். அவர் அந்தச் சேற்றோடு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். நீடாமங்கலம் வரும் வரை நான் அசையவில்லை.