ஒலுவில், பாலமுனை, றைட்!

கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் ஓடுகிற பஸ்களில் எத்தனையோ கொண்டக்டர்மார் இருக்கிறார்கள். ஆனால் ஓடுகிற பஸ்ஸையே றபான் மேளமாக்கி, அதிலே ஐம்பது வயது அரசாங்க உத்தியோகத்தன் ஒருவனுக்குத் தாளம் படிப்பித்தவன் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் பெயர் றைட் தம்பி. வாயைத் திறந்தால் ‘றைட்’ என்று ஆரம்பிப்பதால் அந்தப் பெயர். அவனுடைய உம்மா வைத்த பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த உத்தியோகத்தன் நான்தான். என் கேடுகாலம் என் தங்கை வீட்டில் ஆரம்பமானது. அவளுடைய மகனின் கலியாணப் பேச்சில், மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பொல்லடிக் குழு பிடிப்பதென்று முடிவானது. வட்டமாகச் சுற்றிக் கம்படிக்கும் அந்த ஆட்டத்துக்கு உயிரே றபான்தான். பள்ளிக்கூட நாளில் நானும் றபான் தட்டியவன் என்ற நினைப்பில், “நான் அடிக்கிறன்” என்று சொல்லித் தொலைத்தேன்.

தங்கையின் புருஷன், என் மச்சான், சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்தது. “நீ அடிச்சா மாப்பிள கலியாணமே வேணாமெண்டு கிறுகி ஓடிருவான் மச்சான்!”

என் கலியாணத்தன்று எனக்குச் சாரம் அவிழ்ந்த கதையை இருபத்தைந்து வருஷமாக ஒரு விருந்து விடாமல் சொல்லிவருகிறவர் அவர். இதில் நான் தோற்றால் அடுத்த இருபத்தைந்து வருஷத்துக்கும் அவருக்குக் கதை கிடைத்துவிடும். மானம் போகிற விஷயம்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போகும்போது பஸ்ஸில் முன்சீட்டின் முதுகில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். றைட் தம்பி பக்கத்தில் வந்து நின்றான்.

“என்ன காக்கா, சீட்டுக்குள்ள மூட்டப்பூச்சியா?”

விஷயத்தைச் சொன்னேன். யாருடைய குழு என்று கேட்டான். பொல்லடி பழக்குகிற சாய்ந்தமருது அண்ணாவியாருடைய குழு என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு, “றைட். நாளையிலிருந்து கதவுக்குப் பக்கத்துச் சீட்டுல இரிங்க” என்றான்.

நான் இலேசில் அதிர்ந்துபோகிற ஆள் இல்லை. அடுத்த நாள் அதிர்ந்துபோனேன். எங்கள் சாரதிக்குக் காது கொஞ்சம் மந்தம். வாய்ப்பேச்சு ஏறாது, தகரத் தட்டுத்தான் ஏறும். ஒரு தட்டு என்றால் நிறுத்துவார், இரண்டு என்றால் எடுப்பார். இது தெரிந்திருந்தும் றைட் தம்பி பஸ்ஸின் தகரத்திலே பாடத்தை ஆரம்பித்தான். பஸ் நின்றது. பாய்ந்தது. மறுபடி நின்றது. கோழிக்கூடையோடு இருந்த ஒரு உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கத்தினார்:

“அடேய், பஸ் ஓட்டுறியளா, அரிசி புடைக்கிறியளா?”

அதற்குப் பிறகு பாடம் என் முதுகுக்கு மாறியது. பத்துப் பேருக்குக் கையெழுத்து வைக்கிற அதிகாரியின் முதுகில், முழு பஸ்ஸும் பார்த்திருக்க, ஒரு கொண்டக்டர் தாளம் போட்டான். என் அலுவலகத்துப் பியோன் பின்சீட்டில் இருந்து தலையாட்டி ரசித்தான்.

சாதாரண அடி எனக்கு இரண்டு நாளில் வந்தது. கடினமான கணக்குகள்தான் வரவில்லை. ஐந்தில் அடித்தால் ஆறாகும், ஏழில் அடித்தால் எங்கேயோ போய்விடும். அதற்கும் அவன் ஒரு வழி கண்டுபிடித்தான்.

“எண்ணாதீங்க காக்கா. ஊரச் சொல்லுங்க. அஞ்சுக்கு அட்-டா-ளைச்-சே-னை. ஏழுக்கு ஒ-லு-வில், பா-ல-மு-னை. நாள் முழுக்க நான் கூப்பிடுறது இதத்தானே?”

அடித்துப் பார்த்தேன். அல்லாஹ்மேல் ஆணையாக, வந்தது!

வீட்டில் இடக்கையால் அட்டாளைச்சேனையும் வலக்கையால் ஒலுவில் பாலமுனையும் ஒரே நேரத்தில் சாப்பாட்டுக் கோப்பையில் அடித்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “இஞ்சாருங்க, லெப்பையக் கூட்டிவந்து ஓதிப் பாப்பமா?”

கல்முனை பஸ் நிலையத்தில் அவனுக்குத் தேத்தண்ணி குடிக்கக் கிடைப்பது பத்து நிமிஷம். அதையும் எனக்கே தந்தான். ஒரே பிழையை நாற்பது தரம் விட்டாலும் முகம் சுளிக்க மாட்டான். தன் சொந்த றபானையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். “இதெல்லாத்தையும் எனக்குச் சொல்லித் தாறியே?” என்றால், “குடுத்தா எண்ட கையில குறைஞ்சா போகும்?” என்பான்.

இதற்கிடையில் அண்ணாவியார் சொல்லியனுப்பினார்: “எங்கட றபான்காரனுக்குக் கை சுளுக்காம். நீங்களே அடிங்க.” ஒரு மனிதனுக்குக் கை சுளுக்கியதற்கு அல்ஹம்துலில்லாஹ் சொன்ன பாவி நான்.

கலியாணம் நிந்தவூரில். எங்கள் ஆட்களை ஏற்றிவந்ததும் அதே பஸ்தான். தெருமுனையில் ஆண்கள் இறங்கி ஊர்வலம் கிளம்ப, பெண்களோடு பஸ் பின்னால் ஊர்ந்து வந்தது. நான் அடித்தேன். கம்புகள் சுழன்றன. மச்சானின் முகம் சுருங்கியதைக் கண்ணால் கண்டேன். அந்தச் சந்தோஷத்திலேயே கணக்கு விட்டுப்போனது. ஏழில் ஏறவேண்டிய இடத்தில் கை அந்தரத்தில் நின்றது. கம்புகள் தடுமாறின. மச்சான் வாயைத் திறந்தார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஒலுவில் பாலமுனை! ஒலுவில் பாலமுனை! ஒலுவில் பாலமுனை!”

மிதிபலகையில் தொங்கியபடி றைட் தம்பி கூவிக்கொண்டிருந்தான். ஊரே அதிர்ந்து திரும்பியது. கலியாண பஸ்ஸிலே ஆள் ஏற்றுகிறானே என்று பெண்வீட்டார் வாயில் கைவைத்தார்கள். தெருவோரத்தில் நின்ற ஒரு வயசாளி அப்பா, “ஒள்ளம் பொறு மனே, பாலமுனைக்கு நானும் வாறன்” என்று பையோடு ஏறியே விட்டார். எனக்கோ கை விழித்துக்கொண்டது. ஏழு வந்தது, கம்புகள் சேர்ந்தன, மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலை அடையும்வரை நான் நிற்கவில்லை. மச்சான் திறந்த வாயை மூடவில்லை.

பலர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடும் சகனில் அண்ணாவியார் எனக்கு எதிரே உட்கார்ந்தார். “நல்லா அடிச்சீங்க. எங்கட பொடியன் அடிச்ச மாதிரியே இரிந்திச்சி.”

“எந்தப் பொடியன்?”

“அந்தா, தண்ணி ஊத்துறானே, அவன்தான். பத்து வருஷமா எங்களுக்கு அடிக்கிறவன். பாருங்க, பாவம், கை சுளுக்கு.”

இரண்டு கையிலும் தண்ணீர் வாளி தூக்கி வந்துகொண்டிருந்தான் றைட் தம்பி. சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அவனையே பார்த்தேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் கதவுக்குப் பக்கத்துச் சீட்டில் இருந்தேன். நிறையச் சொல்ல நினைத்து வந்தேன்.

“கை சுளுக்கு எப்பிடிடா?” என்று மட்டும் கேட்டேன்.

ஒரு கணம் விழித்தான். பிறகு சிரித்தான். “சுகம் காக்கா. மறுகா, ஒன்பது ஒண்டு இரிக்கி. படிப்பமா?” என்று என் முதுகில் கையை வைத்தான்.

நான் இறங்கவேண்டிய அட்டாளைச்சேனை தாண்டிப் போயிற்று. நான் ஒன்பதைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.