தேரோவை நிறுவுவது எப்படி?

பெகோன்யா அம்மாளின் மடிக்கணினியில் சிவப்பு எழுத்துகள் மேலிருந்து கீழே ஓடிக்கொண்டிருந்தன. ஃபெர்மின் எல்லாம் எதிர்பார்த்ததுதான் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டு நின்றான்.

"சிவப்பா வந்தா நல்லதா தம்பி?"

"சில சிவப்பு நல்லது மேடம்."

"இது?"

"இது அந்தச் சிவப்பு இல்ல."

ஃபெர்மின் வேலை பார்த்தது, வில்லா ஓம்பு ஊரில் ஐந்து பேர் சேர்ந்து நடத்தும் மென்பொருள் கூட்டுறவில். அவர்கள் பெற்று வளர்த்த ஒரே பிள்ளை, 'தேரோ' என்ற நிரல் மொழி. வயலில் ஒரு மூலையில் நின்று கத்திவிட்டு இன்னொரு மூலையில் முட்டையிடும் பறவையின் பெயர். பொருத்தமான பெயர்தான், இந்தத் தேரோவும் ஒரு ஃபோல்டரில் இறங்கி வேறெங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும்.

மாவட்டக் கல்வி அலுவலகத்தின் அதிகாரி பெகோன்யா. அவர் சரி என்றால் தேரோ எல்லாப் பள்ளிகளிலும் பாடமாகிவிடும், கூட்டுறவும் பிழைத்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் கடையைச் சாத்திவிட்டு, ஃபெர்மின் தன் மச்சானின் கோழித்தீவனக் கடைக்குப் போய் மூட்டை தூக்க வேண்டும். அவனுக்கென்று ஓர் ஏப்ரனை மச்சான் இப்போதே துவைத்து மடித்து வைத்திருப்பதாகக் கேள்வி.

"எத்தனாவது படியில நிக்கிது?" என்று கேட்டார் பெகோன்யா.

"நாலாவது மேடம்."

"மொத்தம்?"

"பதினொண்ணு."

அதிகாரியோடு வந்திருந்த பள்ளி ஆசிரியர் ததேயோ, மூன்றாவது மெதியாலூனா ரொட்டியை மென்றபடி நிமிர்ந்து பார்த்தார். "எப்பவும் இப்படித்தான் ஆகுமா சார்?"

"இல்ல சார். சில நாள் ரெண்டாவது படியிலேயே நின்னுரும்" என்றான் ஃபெர்மின். பதற்றம் வந்தால் அவனுக்கு உண்மை வந்துவிடும்.

அதிகாரியும் ஆசிரியரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாள் புன்னகைத்தார். அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

கூட்டுறவின் தலைவி க்ளெலியா, மாத்தே தேநீர்க் குவளையை ஓசை வர உறிஞ்சினாள். "அந்தம்மா சிரிச்சதப் பாத்தியா? அரசாங்கத்து ஆளு சிரிச்சா சோலி முடிஞ்சதுன்னு அர்த்தம். ஒழுங்கா இன்ஸ்டால் ஆகுற மாதிரி பண்ணுடா. ஒண்ணுந்தெரியாதவன் வந்து உக்காந்தாலும் ஓடணும்."

ஃபெர்மின் படிகளைக் குறைக்கக் கிளம்பினான். அங்கேதான் வினை. ஒவ்வொரு படிக்கும் ஒரு தகப்பன் இருந்தான். தேரோவுக்கு வெளியூர்களிலிருந்து நிரல் எழுதித் தரும் ஆர்வலர்களின் இணையக் குழுவில், மூன்றாம் படியை நீக்கலாமா என்று எழுதியதும், மெந்தோசா நகரிலிருந்து ஒருவர் தன் இளமை முழுவதையும் அந்தப் படிக்குக் கொடுத்த கதையை நான்கு பக்கம் எழுதினார். ஏழாம் படி எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அதை எழுதியவர் போன வருடம் விவாகரத்து ஆனவர், இப்போது போய் அதில் கைவைக்கக் கூடாது என்று ஓட்டெடுப்பில் முடிவானது. கணினியையே பார்த்திராத ஆளுக்கு வழி செய்யச் சொன்னால், அந்த ஆளைத் தவிர எல்லாருடைய மனமும் நோகாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தக் கூட்டத்தின் தர்மம்.

படியைக் குறைக்க முடியாதவன், பதினொன்றையும் தானே ஏறிக்கொள்ளும் ஒரு நிறுவியை எழுதினான். அருமையாக வேலை செய்தது. என்ன, அந்த நிறுவியை முதலில் நிறுவ வேண்டும். அதற்கு மூன்று படி.

"ஆக, பதினாலு" என்றாள் க்ளெலியா.

"ஆனா பதினொண்ணு தானா நடக்கும்!"

"உன் மச்சான் கடையில மூட்டையெல்லாம் தானா நடக்குதான்னு விசாரிச்சு வை."

இரண்டாவது வருகையில் நிறுவி கேள்வி கேட்க ஆரம்பித்தது. கேள்வி கேட்டால் மரியாதையாக இருக்கும் என்று குழு சொல்லியிருந்தது. 'முந்தைய மறுப்பை ரத்து செய்யாமல் இருக்க விரும்பவில்லையா? ஆம் / இல்லை.'

பெகோன்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். "நான் விரும்புறேனா தம்பி?"

"தெரியல மேடம். 'ஆம்' போடுங்க, பாப்போம்."

போட்டார். கணினிக்குள் மின்விசிறி உறுமியது. திரை ஒருமுறை கறுத்து வெளுத்தது. பிறகு, அம்மாளின் பெயரில் 'ன்யா'வுக்காகத் தலையில் அலைக்கோடு போட்டு எழுதும் அலையெழுத்து தனக்குப் பிடிக்கவில்லை என்று அறிவித்துவிட்டு நின்றுவிட்டது. எழுதியவன், நடத்துபவள், உட்கார்ந்திருப்பவர் எல்லாருக்கும் தாய்மொழி ஸ்பானிஷ். நிறுவி மட்டும் எந்த ஊரில் பிறந்ததோ!

ஃபெர்மின் தொண்டையைச் செருமினான். "மேடம்... உங்க பேரைக் கொஞ்சம் மாத்திக்க முடியுமா?"

"அறுபது வருஷமா இதே பேருதான்பா."

"கம்ப்யூட்டர்ல மட்டும் மேடம்."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தான். அவரோ கண்ணில் நீர் வரச் சிரித்தார். ததேயோ தட்டில் மிச்சமிருந்த ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அருகில் வந்தார். "பசங்களும் இத்தனையும் பண்ணணுமா சார்? ஒவ்வொருத்தரும், தனித்தனியா?"

ஃபெர்மினுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "ஆமா சார். ஒவ்வொருத்தரும்."

"அடேயப்பா!" என்றார் ததேயோ.

அந்த 'அடேயப்பா' அவனைத் தூங்கவிடவில்லை. இவ்வளவு நல்ல மனிதர்களை இப்படிப் படுத்துகிறோமே என்று வெட்கமாக இருந்தது, வெட்கம் கோபமானது. குழுவையும் கேட்கவில்லை, தகப்பன்மார்களையும் கேட்கவில்லை. மூன்றாம் படியை வெட்டினான். ஏழாம் படியை, விவாகரத்து ஆனவரை மனதில் வணங்கிவிட்டு, வெட்டினான். கேள்விகளைக் கொளுத்தினான். எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குள் திணித்து, மேலே ஒரே ஒரு பொத்தான் வைத்தான். வீடு வீடாகச் சோடாப் புட்டி போட வந்த ஆளை நிறுத்தி அமுக்கச் சொன்னான். அமுக்கினார், நிறுவப்பட்டது.

"அவ்வளவுதானா?" என்றார் அவர்.

"அவ்வளவுதான்!" என்று ஃபெர்மின் அவரைக் கட்டிக்கொண்டான்.

மெந்தோசாக்காரர் குழுவிலிருந்து விலகினார். மூன்று பேர் தனியாகப் பிரிந்துபோய்ப் பதினோரு படியோடு வேறொரு தேரோ ஆரம்பித்தார்கள். போகட்டும் என்றான்.

மூன்றாவது வருகைக்கு க்ளெலியா மேசைவிரிப்பே போட்டிருந்தாள். பெகோன்யா கைகளைத் தேய்த்துக்கொண்டு உற்சாகமாக உட்கார்ந்தார். "சரி தம்பி, இன்னைக்கு எங்க நிக்கப் போகுது?"

"எங்கயும் நிக்காது மேடம். அமுக்குங்க."

அமுக்கினார். ஒரு பச்சைக் கோடு ஓடியது. 'வருக, பெகோன்யா!' என்றது திரை, அலையெழுத்தோடு.

பெகோன்யா ததேயோவைத் திரும்பிப் பார்த்தார்.

"முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார் அம்மாள்.

"முடிஞ்சிருச்சு மேடம்! எந்தப் பையனும் கண்ணை மூடிக்கிட்டுப் பண்ணிருவான்!"

"அந்தப் பழைய முறை... அது எங்கயாவது இருக்கா?"

"சுத்தமா அழிச்சிட்டேன் மேடம்!" என்றான் நெஞ்சை நிமிர்த்தி.

பெகோன்யா மடிக்கணினியை மெல்ல மூடினார். பையை எடுத்தார். நல்லா உழைச்சிருக்கீங்க, ஆனா எங்களுக்குச் சரிப்படாது என்று க்ளெலியாவின் கையைக் குலுக்கிவிட்டு, துக்க வீட்டிலிருந்து போவதுபோல் காரை நோக்கி நடந்தார்.

ஃபெர்மின் வாசலில் ததேயோவை மறித்தான். "சார், என்ன தப்பு பண்ணேன்? அதான் ரொம்ப சுலபமாக்கிட்டேனே!"

ததேயோ சட்டையிலிருந்த ரொட்டித் துகளைத் தட்டிவிட்டு, அவன் தோளில் கைவைத்தார்.

"ஸ்கூல் திறக்கிற மார்ச்சுல ஆரம்பிச்சா, வருஷம் முடியிற டிசம்பர் வரைக்கும் இன்ஸ்டால் பண்ணியே ஓட்டிரலாம்னுதானே சார் உங்க மொழியைத் தேடிப் பிடிச்சோம், இப்ப முதல் நாளே முடிஞ்சிருச்சுன்னா, ரெண்டாவது நாள் நாங்க எதைச் சொல்லிக் குடுக்கிறது? இந்த மாவட்டத்துல ஒரு வாத்தியாருக்கும் புரோகிராம் எழுதத் தெரியாதே!"