எடுத்துக்காட்டு: என் அப்பா

நான் பேசுவது கொஞ்சம் எதிரொலியோடு கேட்கிற மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் உட்கார்ந்திருக்கும் இடம் அப்படி. அது எந்த இடம் என்று பிறகு சொல்கிறேன். முதலில் என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

என் பெயர் வெற்றிச்செல்வன். சிரிக்காதீர்கள், பெற்றவர்கள் ஆசையாக வைத்தது. மனைவி யுவராணி. எட்டாவது படிக்கும் மகள் எழிலரசி. நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பின்னால், லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில், ஒரு ராணி, ஒரு அரசி. நான் மட்டும் குடிமகன். நீங்கள் நினைக்கிற குடிமகன் இல்லை. அதற்கும் இந்த அரண்மனையில் அனுமதி கிடையாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். தினம் முந்நூறு பீஸைக் கையில் எடுத்து, ஓகே, ரிஜெக்ட் என்று தரம் பிரிப்பவன். பதினான்கு வருஷமாக நான் ரிஜெக்ட் என்று சொன்ன பீஸ் ஒன்றுகூட என்னை எதிர்த்துப் பேசியதில்லை. அந்த மரியாதை வீட்டில் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் என்னையே ரிஜெக்ட் செய்து எழுதி வைப்பார்கள் என்றும் எதிர்பார்க்கவில்லை!

போன ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேஜையில் எழிலரசியின் இங்கிலீஷ் நோட்டு திறந்து கிடந்தது. தலைப்பு, மனிதர்களில் எத்தனை வகை. கீழே மூன்று கட்டம். முதலாவதில் இங்கிலீஷ் வார்த்தை, இரண்டாவதில் தமிழ் அர்த்தம், மூன்றாவதில் எடுத்துக்காட்டு. மூன்றாவது கட்டம் மட்டும் பென்சிலில் இருந்தது.

பாலிகிளாட். பல மொழி பேசுபவர். எடுத்துக்காட்டு: என் அம்மா. சரி. கீரைக்காரம்மாவிடம் தெலுங்கு, பானிபூரி வண்டியில் இந்தி, என்னைத் திட்ட எல்லா மொழியும். ஒத்துக்கொள்கிறேன்.

ஃபிலான்த்ரோபிஸ்ட். வாரி வழங்கும் வள்ளல். எடுத்துக்காட்டு: என் அம்மா. இதுவரை வாரி வழங்கியதெல்லாம் என்னுடைய சட்டைகள். போகட்டும்.

அடுத்தது ப்ரோக்ராஸ்டினேட்டர். பார்த்ததும் எனக்குப் பாசமே வந்துவிட்டது. ஜெனரேட்டர், ஆல்டர்னேட்டர் வரிசையில் ஏதோ ஸ்பேர் பார்ட் என்று நினைத்தேன். அர்த்தத்தைப் படித்தேன். எந்த வேலையையும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போடுபவர். எடுத்துக்காட்டு: என் அப்பா.

எனக்குச் சுருக்கென்றது. கீழே போனேன். ஹைப்போகாண்ட்ரியாக், இல்லாத நோயை இருப்பதாக நினைப்பவர், என் அப்பா. பெசிமிஸ்ட், எதிலும் கெட்டதையே பார்ப்பவர், என் அப்பா. மிசான்த்ரோப். இது கிரிக்கெட்டாக இருக்கும், மிஸ்ஸான த்ரோ என்று கொஞ்சம் ஆறுதல் பட்டேன். இல்லை. மனிதர்களையே பிடிக்காதவராம். என் அப்பா!

"யுவா! இங்க வா! இது என்ன அநியாயம்?"

"எதுங்க?" சமையலறையிலிருந்து வந்த குரலில் துளிப் பதற்றம் இல்லை.

"உன் பொண்ணு என்னை நாலு கெட்ட வார்த்தையில திட்டி எழுதி வெச்சிருக்கா!"

"அது கெட்ட வார்த்தை இல்லீங்க. வொக்காபுலரி."

"எந்த புலரியா இருந்தா என்ன? பெத்த அப்பனை நோட்டுப் போட்டுத் திட்டுவாங்களா?"

"ஸ்கூல்ல சொன்னாங்களாம். ஒவ்வொரு வார்த்தைக்கும் வீட்ல இருக்கிறவங்களையே எடுத்துக்காட்டா போடணுமாம். வீட்ல இருக்கிறது மூணு பேரு. நல்ல வார்த்தையெல்லாம் என்கிட்ட வந்துடுச்சு. மீதியை அவ எங்க கொண்டுபோய் வைப்பா?"

"என் தலையிலயா வைப்பா?"

"சனிக்கிழமை ஓப்பன் டே, அப்பா அம்மா எல்லாரும் வந்து பார்ப்பாங்க. அதுக்குள்ள இதை சார்ட்ல எழுதிக் குடுக்கணும். கிளாஸ் சுவத்துல மாட்டுவாங்க."

"சுவத்துலயா!"

நோட்டைப் படக்கென்று மூடினேன். காரணம் இருக்கிறது. எங்கள் மேனேஜர் கோகுல்நாத் சாரின் பையனும் அதே வகுப்பு. கோகுல்நாத் சார் சுவரில் எது இருந்தாலும் நின்று படிப்பவர். 'இங்கே துப்பாதீர்' போர்டையே இரண்டு தடவை படித்து, எழுத்துப் பிழை கண்டுபிடித்தவர். அடுத்த வாரம் லைன் சூப்பர்வைசர் யார் என்று அவர்தான் முடிவு செய்யப் போகிறார். பட்டியலில் இரண்டே பேர். ஒருவன் நான். வேலையைத் தள்ளிப்போடுபவர், மனிதர்களைப் பிடிக்காதவர், இவருக்குக் கீழே முப்பது பேரை ஒப்படைக்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.

"அழிக்கச் சொல்லு யுவா. உடனே!"

"பென்சில்லதானேங்க எழுதியிருக்கா? அழிச்சுடலாம். ஆனா பொய் எழுதக் கூடாதுன்னு அவங்க மிஸ் சொல்லியிருக்காங்க. நீங்க மாறிட்டீங்கன்னா அவ அழிச்சுடுவா. என்னடி?"

"ஆமாம்மா," என்றாள் எழிலரசி. கையில் ரப்பர் தயாராக இருந்தது. அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முந்நூறு பீஸில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிற நான், அந்தப் பார்வையைக் கோட்டை விட்டேன்.

திங்கட்கிழமை ப்ரோக்ராஸ்டினேட்டரை ஒழிக்கக் கிளம்பினேன். சமையலறைக்கு வாங்கிய எக்ஸாஸ்ட் ஃபேன் பொங்கலிலிருந்து பெட்டிக்குள் இருந்தது. எந்தப் பொங்கல் என்று கேட்காதீர்கள். கம்பெனியிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலில் ஏறி டிரில்லைப் போட்டேன். சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுப் பரந்தாமன் அண்ணன் மூன்று மாடி ஏறி வந்துவிட்டார். லேத் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றவர், எந்த மெஷின் ஓடினாலும் அவரால் சும்மா இருக்க முடியாது.

"இன்னா நைனா, ஊட்டை இடிச்சுகினு கீறியா?"

"ஃபேன் மாட்டறேன் அண்ணே."

"திடீர்னு இன்னாத்துக்கு?"

"நான் ப்ரோக்ராஸ்டினேட்டர் இல்லைன்னு நிரூபிக்கணும்."

"இன்னாது, கிராஸ் டிரைனேஜா? அதுக்கு பிளம்பரைக் கூப்புடு நைனா. நீ ஏன் பேஜாராவுறே?"

ஃபேன் சுற்றியது. முதல் 'என் அப்பா' அழிந்தது.

செவ்வாய்க்கிழமை ஹைப்போகாண்ட்ரியாக். உடம்பில் ஒன்றும் இல்லை என்று ஒத்துக்கொண்டால், கடையில் சொல்லி வைத்த இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை மேலே கொண்டுவர வேண்டியதுதானே என்றாள் யுவராணி. ஐம்பத்து நாலு படி. பாதியில் முட்டி டக் என்றது. முக்கால்வாசியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. வாசலில் மூட்டையைப் போட்டுவிட்டு, "ஐயோ, இடுப்பு..." என்று ஆரம்பித்தேன்.

"அப்பா, அழிச்சதை மறுபடி எழுதணுமா?" என்றாள் எழிலரசி, பென்சிலைச் சீவிக்கொண்டே.

இடுப்பு உடனே சரியாகிவிட்டது.

புதன்கிழமை பெசிமிஸ்ட். ஒரு நாள் முழுக்க எதையும் குறை சொல்லக் கூடாது. காலையில் டிரெயின் நாற்பது நிமிஷம் லேட். பிளாட்பாரத்தில் ஊரே ரயில்வேயைத் திட்டுகிறது. நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்ல காத்து வருது" என்றேன். பக்கத்தில் நின்றவர் தள்ளிப் போய் நின்றார். ராத்திரிச் சாப்பாட்டில் சாம்பாரில் உப்பே இல்லை.

"எப்படிங்க இருக்கு?"

"பிரமாதம்."

"உப்பு?"

"உப்பு எதுக்கு? உடம்புக்கு நல்லதில்லை."

"அப்ப நாளைக்கும் இப்படியே வைக்கிறேன்."

மூன்றாவது 'என் அப்பா'வும் அழிந்தது. கூடவே என் நாக்கும் செத்தது.

வியாழக்கிழமைதான் பெரிய சோதனை. மிசான்த்ரோப். யுவராணியின் தம்பி தினேஷ் நசரத்பேட்டையில் இருக்கிறான். போன தடவை அவன் வந்தபோது நான் பாத்ரூமுக்குள் ஒன்றரை மணி நேரம் இருந்ததாக என் மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு. குற்றச்சாட்டு தப்பு. ஒன்றே முக்கால் மணி நேரம். இந்தத் தடவை நானே போன் போட்டு, குடும்பத்தோடு சாப்பிட வாப்பா என்று கூப்பிட வேண்டும் என்பது உத்தரவு. கூப்பிட்டேன். எதிர்முனையில் அவனுக்கே சந்தேகம் வந்து, "மாமா, உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்றான்.

வந்தான். திருநின்றவூரில் வாங்கப் போகும் மனையைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினான். மழைக்காலத்தில் ஏரி மனைக்கே வந்துவிடுமாம், அதைக்கூடப் பெருமையாகத்தான் சொன்னான். நான் சிரித்தேன். சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது. போகும்போது அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே மாசாமாசம் வரேன் மாமா" என்றான். யுவராணி முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு! என் கல்யாணத்தன்றுகூட அதைப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை மாலை நோட்டைப் பார்த்தேன். நாலும் சுத்தம். ரப்பர் தூளை நானே ஊதித் தள்ளினேன். சார்ட்டைப் பார்க்கலாமா என்றேன். காலையிலேயே ஸ்கூலில் கொடுத்தாகிவிட்டது என்றார்கள். எனக்கென்ன, மானம் தப்பியது. மனசுக்குள் லைன் சூப்பர்வைசர் சட்டைகூடப் போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை, அதாவது இன்று காலை, யுவராணியோடு தலை நிமிர்ந்து ஸ்கூலுக்குள் நுழைந்தேன். வகுப்பு முழுக்கச் சார்ட். ஒவ்வொன்றாகப் படித்தேன். எனக்கு என்னவோ இடித்தது. எல்லாச் சார்ட்டிலும் இரண்டே கட்டம். வார்த்தை, அர்த்தம். ஒருவர் சார்ட்டிலும் எந்த அப்பனும் இல்லை!

அங்கே நின்றிருந்த ஜெபா மிஸ்ஸிடம் போனேன். "மிஸ், எடுத்துக்காட்டு எல்லாம் எங்கே?"

"எடுத்துக்காட்டா? அதை நாங்க கேக்கவே இல்லையே சார்! எழிலரசி மட்டும் ஒரே ஒரு வார்த்தைக்கு எழுதிட்டு வந்தா. அழகா இருந்துச்சு, நானும் விட்டுட்டேன்."

ஓடினேன். என் மகளின் சார்ட். மேலே பளபளவென்று பிளாஸ்டிக் ஷீட். பாலிகிளாட் இருந்தது, ஃபிலான்த்ரோபிஸ்ட் இருந்தது, என் நாலும் இருந்தன, எதற்கும் எடுத்துக்காட்டு இல்லை. கடைசியாக, நோட்டில் நான் பார்த்தே இராத ஒரு வார்த்தை.

கல்லிபிள். யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடுபவர். எடுத்துக்காட்டு: என் அப்பா.

பக்கத்தில் பென்சிலால் என் படம் வேறு. ஸ்டூல் மேல் நின்று ஃபேன் மாட்டுகிறேன்.

யுவராணியை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். ரத்தம் கொதித்தது. "ஃபேன், அரிசி, உப்பில்லாத சாம்பார், உன் தம்பி! ஒரு வாரம் என்னை மாடு மாதிரி வேலை வாங்கியிருக்கே! எல்லாம் பொய்!"

"பொய்யா? ஃபேன் சுத்துதா இல்லையா?"

"இனிமே நீ சொல்ற ஒரு வார்த்தையைக்கூட நான் நம்ப மாட்டேன்! இது சத்தியம்!"

"நம்பாதீங்க. யாரு நம்பச் சொன்னா? ஆனா கோகுல்நாத் சார் இன்னிக்கு வரலை, கவனிச்சீங்களா?"

கொதித்த ரத்தம் அப்படியே நின்றது. "ஆமா... ஏன்?"

"ஏதோ கல்யாணமாம். நாளைக்கு வந்து பாக்கறாராம். அவர் சம்சாரம் சொன்னாங்க."

"ஐயையோ! அந்தப் படத்தை அவர் பார்த்தார்னா என் கதி?"

"பதறாதீங்க. அதுவும் பென்சில்தான். இப்ப எல்லார் முன்னாடியும் ஷீட்டைப் பிரிச்சா அசிங்கம். நாளைக்குக் காலைல, அவர் வர்றதுக்குள்ள, நானே வந்து அழிச்சுடறேன்."

"கண்டிப்பா அழிச்சுடுவியா?"

"கண்டிப்பா. ஆனா நாளைக்கு மொட்டை மாடி டேங்க் கழுவணுமேங்க. இந்த மாசம் நம்ம முறை. ரெண்டையும் எப்படி பண்றது?"

"டேங்க்கை நான் பார்த்துக்கறேன். இன்னிக்கே முடிச்சுடறேன். நீ மட்டும் அழிச்சுடு யுவா."

ஆகவே, இரண்டாயிரம் லிட்டர் டேங்க்குக்குள் பிரஷ்ஷும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். எதிரொலிக்குக் காரணம் இதுதான். இவ்வளவையும் உங்களுக்கும், மேலே மூடி வழியாகத் தலையை நீட்டிக்கொண்டிருக்கும் பரந்தாமன் அண்ணனுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். உச்சுக் கொட்டினார். அப்புறம் தலையைச் சொறிந்தார்.

"எல்லாம் கரீட்டு நைனா. ஒண்ணுதான் எனுக்குப் புரியலே. நாளைக்கு ஞாயித்துக்கெழம. எந்த இஸ்கோலு நைனா தொறந்து கீது?"

பிரஷ்ஷைத் தூக்கி எறிந்தேன். விடக்கூடாது, இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று எழுந்தேன். அண்ணன் சிரித்துக்கொண்டே படி இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. வெளியே ஏற ஸ்டூலைத் தேடினேன். ஸ்டூல் யுவராணியிடம் இருக்கிறது. ஊறுகாய் ஜாடியை எடுத்துவிட்டு அஞ்சே நிமிஷத்தில் திருப்பித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனாள், இப்போது வந்துவிடுவாள்.